இன்னொரு லைனில் அக்கா

கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. லேசு என்று நினைப்பவர்கள், எதிரே லாரி வரும்போது ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்ளும் ஒருத்தியின் பக்கத்தில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆண்கள் முகத்தைப் பொத்த மாட்டார்கள். எல்லாம் தெரிந்த மாதிரி பேசிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டுவார்கள். இரண்டில் எது தேவலை என்று கேட்டால் அக்காவுக்கே பதில் தெரியாது.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. பயிற்சிப் பள்ளி அவளுடைய அண்ணனுடையது. அண்ணன் ஆபீஸில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஆள் சேர்ப்பான். அக்கா வெயிலில் வண்டியில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொள்வாள். அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக்கும் ஒரு கிளட்ச்சும் உண்டு. ஸ்டியரிங் கிடையாது, அது எப்போதும் அடுத்தவர் கையில்தான்.

வண்டிக்குள் அவள் வாய்க்குப் பூட்டே கிடையாது. எருமை, தூங்குமூஞ்சி, கண்ணைப் பர்ஸுக்குள்ள வெச்சிட்டு வந்தியா என்று வறுத்து எடுத்துவிடுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினதும் மனசு கேட்காது. ஐயோ பாவம், அந்தப் பிள்ளையை இப்படித் திட்டிவிட்டோமே என்று போனை எடுத்து, அன்றைக்கு என்ன தப்பு, நாளைக்கு எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று குரல் பதிவு அனுப்புவாள். அதில் ஒரு கடுஞ்சொல் இருக்காது. வாக்கியத்துக்கு ஒரு கண்ணு, மூச்சுக்கு ஒரு தங்கம். காலையில் மாமியார், சாயங்காலம் அம்மா என்று படிக்க வருகிறவர்கள் அவளைக் கேலி செய்வார்கள். கூடச் சேர்ந்து படிக்கும் நாலைந்து பேருக்கு ஒரு குரூப், அந்தக் குரூப்பில் வருஷக்கணக்காக அவள் குரல். படிப்பு முடிந்தாலும் அவள் யாரையும் குரூப்பை விட்டு எடுப்பதில்லை. எடுத்தால் அந்தப் பெண் மனசு வருத்தப்படுமே என்பாள்.

அன்றைக்கு முற்பகலில் வந்தவன் புது ஆள். மடிப்புக் கலையாத சட்டை, கதவைத் திறந்ததுமே மூக்கைத் துளைக்கும் சென்ட். உன்கிட்டதான் கத்துக்கணும்னு அடம் பிடிக்கிறான் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அதைக் கேட்டு அக்காவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன்.

வண்டி கிளம்பியதுமே அக்கா அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். கியர் மாற்றும்போது அவன் கையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைத் தனக்கு வாகாகத் திருப்பிக்கொண்டான். நன்றாக ஓட்டத் தெரிந்தவன். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள். அவன் சிரித்தான். எல்லோரையும் திருப்பச் சொல்லும் மைதானத்து முனை வந்தது, அவன் திருப்பவில்லை. நேராகப் போனால் மூடிக் கிடக்கும் தொழிற்சாலைகளும் குப்பைக் கிடங்கும்தான். அவன் ஒரு விரலால் பட்டனைத் தட்ட, நாலு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன.

"எங்க போறீங்க? வண்டியைத் திருப்புங்க."

"நீங்க சொன்ன இடத்துக்குத்தான். நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தாள். வண்டி குலுங்கி நடு ரோட்டில் அணைந்து நின்றது. பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரனை விடாமல் அலறவிட்டது. அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் காலை எடுக்கவில்லை. 

அவன் முகத்தில் கோபத்தைவிட அவமானம்தான் முதலில் வந்தது. இவ்வளவு நாள் பேசிவிட்டு இப்போது என்ன நடிப்பு என்று கேட்டான். மனைவிகூட இல்லாத வீட்டில் உங்கள் குரலைக் கேட்டுத்தான் தூங்குகிறேன் என்றான். அப்புறம் போனை எடுத்து, டாஷ்போர்டில் சாய்த்து வைத்து, விரலால் தொட்டான்.

வண்டிக்குள் அக்கா பேசினாள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்கா அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதே இழுவை, அதே செருமல், வாக்கியத்தின் கடைசியில் லேசாகச் சிரிக்கும் அதே பழக்கம். பயப்படாம வா கண்ணு, வண்டியில நாம ரெண்டு பேர் மட்டும்தான், முதல்ல நான் கொஞ்சம் முரண்டு பிடிப்பேன், அதைக் கண்டுக்காதே என்றது அந்தக் குரல்.  முரண்டு பிடித்தால் கண்டுகொள்ளாதே என்று அவள் குரலாலேயே அவளுக்குக் குழி தோண்டி வைத்திருந்தார்கள்.

"அது நான் இல்லைங்க," என்றாள். சொல்லும்போதே தெரிந்தது, மறுத்துச் சொல்வதும் அதே குரல்தான். அவன் அவளையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "விளையாடுறீங்களா?" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

அதற்கு மேல் என்ன ஆகியிருக்குமோ, அந்த லாரிக்காரர் புண்ணியவான். இறங்கி வந்து ஜன்னலை உடைப்பதுபோல் தட்டி, தன் வாழ்நாளில் கற்ற வசவையெல்லாம் அவிழ்த்துவிட்டார். வசவு கேட்டு ரோஷம் வந்த இவன் பூட்டைத் திறந்துகொண்டு சண்டைக்கு இறங்கினான். இறங்கினதுதான் தாமதம், அக்கா இந்த இருக்கையிலிருந்து அந்த இருக்கைக்குத் தாவி, கதவை அறைந்து சாத்தி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்தாள். முட்டி எங்கேயோ இடித்துக்கொண்டது. வலியே தெரியவில்லை.

ஆள் நடமாட்டம் இருக்கிற இடமாகப் பார்த்து, ஒரு மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்களுக்கு நடுவே நிறுத்திக் கதவுகளைப் பூட்டிக்கொண்டாள்.  அப்போதுதான் பார்த்தாள், அவன் போன் டாஷ்போர்டிலேயே கிடந்தது, திரை அணையாமல்.

அவளுக்கு அதைத் தொடவே கூசியது. ஆனால் தொடாமல் இருக்கவும் முடியவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாள். நாள் தவறாமல் அவள் குரல் அவனோடு கொஞ்சியிருந்தது. கேட்கக் காது கூசும் பேச்சு. இயந்திரத்துக்கு ஒருவர் குரலைக் கொஞ்சம் ஊட்டிவிட்டால் போதும், மிச்சத்தை அதுவே பேசிக்கொள்ளும் என்று ஆபீஸில் யாரோ செய்தி படித்தபோது, என் குரலை எவன் சீந்துவான் என்று அவள் சிரித்திருக்கிறாள். நாலாவதோ ஐந்தாவதோ பதிவில் வந்தது அந்த வாக்கியம்: ரெண்டாவது கியர் உன்னைக் கடிக்காது கண்ணு, நான் பக்கத்துலதானே இருக்கேன்.

 அதை அவள் ஒரே ஒருத்திக்காகத்தான் சொன்னாள். எதற்காகச் சொன்னாள், இப்போது எவனிடம் எதற்காகச் சொல்லப்பட்டிருக்கிறது!

அந்த ஒருத்திக்கு அவள் வைத்த பட்டப்பெயர் ஃபர்ஸ்ட் கியர். மற்றவர்கள் வேகமாகப் போகத் துடிப்பார்கள். இவள் முதல் கியரிலேயே உலகத்தைச் சுற்றி வரத் தயார். கியருக்குக் கை நீட்டும்போது சட்டைக் கை மேலே ஏறும், உள்ளே தழும்பு தெரியும். அக்கா ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஒருநாள் மட்டும், ஹைவேயில் ஓட்டிப் பழக வேண்டுமா என்று கேட்டாள். ஃபர்ஸ்ட் கியர் ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துவிட்டு ஆமாம் என்றாள். கொஞ்ச நாளில், தன் பெயரில் இருந்த பழைய காரை எடுத்துக்கொண்டு புருஷன் வீட்டை விட்டுப் போய்விட்டாள். அவன் தேடி வரக் கூடாது என்று போனை வேண்டுமென்றே மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

புருஷன் ஒருதடவை ஆபீஸுக்கு வந்தான். கத்தவில்லை, அடிக்கவில்லை. என் வீட்டுக்காரி எங்கே என்று மரியாதையாகக் கேட்டான். அக்கா வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, உங்க குரலைக் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்குத் துளிர் விட்டுப்போச்சு என்று சிரித்துவிட்டுப் போனான். அன்றைக்கு அக்காவுக்கு அது பாராட்டாகத்தான் பட்டது.

இப்போது தன் போனை எடுத்து அந்தக் குரூப்பைத் திறந்தாள். ஃபர்ஸ்ட் கியரின் பழைய எண் அங்கேயே இருந்தது, புருஷன் வீட்டு மேஜை மேல் விட்டுப்போன போன், இவள் குரூப்பில் பேசியதெல்லாம் அதற்குள். அதற்கு நேர் கீழே அவளுடைய புது எண். புது எண்ணிலிருந்து நான்தான் அக்கா என்று தகவல் வந்த அன்று, சந்தோஷம் தாங்காமல் மற்ற பெண்களுக்கும் தெரியட்டும் என்று இவளேதான் அதைக் குரூப்பில் சேர்த்தாள். பழையதை எடுக்கவில்லை. எடுக்கும் பழக்கம்தான் இல்லையே! தன் கையாலேயே கொண்டுபோய் அவனிடம் கொடுத்ததற்குச் சமம். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

நம்மை அசிங்கப்படுத்துவது அவனுக்குப் பொழுதுபோக்கு, நிஜமாக அவனுக்கு வேண்டியது வேறு. அந்த எண்ணம் வந்ததும் புது எண்ணை அழைத்தாள். 

"சொல்லுங்கக்கா," என்றாள் ஃபர்ஸ்ட் கியர், ரொம்பச் சாதாரணமாக. "அதுக்குள்ள வந்துட்டீங்களா?"

"எங்க வந்துட்டேன்?"

"என்னக்கா, இப்பதானே பேசினீங்க? வக்கீலம்மாவைக் கூட்டிட்டு வர்றேன், வீட்லயே இரு, எங்கயும் போகாதேன்னு."

 எப்படியாவது போலீஸை அனுப்பிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அக்கா, "நீ இப்ப எங்க இருக்கே, எந்தத் தெரு, சீக்கிரம் சொல்லு," என்றாள்.

ஃபர்ஸ்ட் கியர் சிரித்தாள். "மறந்துட்டீங்களா? நேத்தே கேட்டீங்களே. குடுத்தேனே அக்கா."

ஆம்புலன்ஸ் ஒன்று சத்தமில்லாமல் பின்னோக்கி வந்து பக்கத்தில் நின்றது. அக்கா அதையே வெறித்துப் பார்த்தாள். நேற்றுப் பேசியது நான் இல்லை, அது உன் புருஷன், இயந்திரத்தை வைத்து என் குரலில் பேசுகிறான், உடனே வெளியே போ என்று மூச்சு விடாமல் சொன்னாள்.  மறுமுனையிலிருந்து குரல் மாறி வந்தது.

"அக்கா, நீங்களே இன்னொரு லைன்லயும் கூப்பிடுறீங்க."

"எடுக்காதே."

"உங்க புது நம்பர்தான். நாலு நாளா அதுலதானே பேசுறீங்க. இப்ப எது நீங்க?" அவள் குரல் விசும்பலாக உடைந்தது. அது சொல்லுகிறது வீட்டிலேயே இரு என்று, நீங்கள் சொல்கிறீர்கள் வெளியே போ என்று, வெளியில் அவர் நின்றால் நான் என்ன செய்வேன், நீங்கள்தான் அவராக இருந்தால் என்ன செய்வேன் என்று புலம்ப ஆரம்பித்தாள். அவள் கேட்டது நியாயம்தான்.  தங்கம், நான் சொல்றதைக் கேளு என்று அக்கா கெஞ்சினாள். கெஞ்சக் கெஞ்ச அது அந்த இன்னொரு குரலாகவே ஒலித்தது. அவள் காதுக்கே அப்படித்தான் கேட்டது.

பயம் முற்றினால் அக்காவுக்கு ஆத்திரம்தான் வரும். வந்தது.

"அடி எருமை! மூளையை எங்கடி அடகு வெச்சே? என்னை நம்பாதேடி, யாரையும் நம்பாதே. ஒப்பாரி வைக்காம ஜன்னல்கிட்ட போ. திரையை லேசா ஒதுக்கிட்டு, உன் கண்ணால பாரு!"

மறுமுனையில் புலம்பல் சட்டென்று நின்றது. வண்டிக்குள் வாங்கின வசவு அது. எந்தப் பதிவிலும் இல்லாதது, எவனும் எடுத்து இயந்திரத்துக்கு ஊட்ட முடியாதது. அதை யோசித்து அக்கா திட்டவில்லை. வாய் தானாகத் திட்டியது. ஃபர்ஸ்ட் கியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நடக்கும் சத்தம் கேட்டது.

"கேட் பக்கத்துல நிக்கிறாரு," என்றாள், மூச்சு மட்டுமே வரும் குரலில். "போன்ல என்னமோ டைப் பண்றாரு. தலையைத் தூக்கி மாடியைப் பார்க்கிறாரு. அக்கா, உங்க குரல்ல ஒரு பதிவு வந்திருக்கு. கீழே வந்துட்டேன், இறங்கி வா கண்ணுன்னு."

வண்டி எங்கே நிற்கிறது என்று அக்கா கேட்டாள். கட்டடத்தின் பின்னால், பின்சந்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் வரிசையில் என்று பதில் வந்தது. பின்படியில் இறங்கு, செருப்புப் போடாதே, சத்தம் கேட்கும், சாவி மட்டும் எடுத்துக்கொள் என்றாள் அக்கா. போனை அணைக்காமல் அவள் ஓடுவது கேட்டது, கதவு கேட்டது, படிகள் கேட்டன. பார்க்க முடியாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதைப்போல ஒரு கொடுமை உலகத்தில் கிடையாது.

கார்க் கதவு சாத்தும் சத்தம். சாவி எதிலோ உரசும் சத்தம், துளை தெரியாமல் தடவுகிறாள். இன்ஜின் ஒருதடவை இருமி அணைந்தது.

"கிளட்ச்சை மிதிச்சியா? கால் எங்க இருக்கு உனக்கு?"

"நடுங்குது அக்கா."

"நடுங்கட்டும். நடுங்கிக்கிட்டே மிதி."

இன்ஜின் பிடித்தது. அதே நேரம் தூரத்தில் ஆண் குரல் ஒன்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. கோபமே இல்லாத, வீட்டுக்குள் சாப்பிடக் கூப்பிடுவது போன்ற குரல். அது நெருங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் தடால் என்று ஒரு அறை, பானெட் மேல். ஃபர்ஸ்ட் கியர் வீறிட்டாள். முன்னால் நிற்கிறார், வழியை மறித்து நிற்கிறார் என்றாள்.

அவளுக்கு ரிவர்ஸ் என்றால் சிம்ம சொப்பனம். மைதானத்தில் ஒரு கம்பத்தைக்கூட விட்டுவைத்ததில்லை. ஆனால் பின்னால் போனால்தான் சந்து. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தன் வண்டியில் தன் கால் தானாகக் கிளட்ச்சை அமுக்கியது. "அவரைப் பார்க்காதே. திரும்பிப் பின் கண்ணாடியைப் பாரு. ரிவர்ஸ் போடு. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமா கொடு, கிளட்ச்சை விடு, விடு, விடுடி!"

கண்ணாடி விரிசல் விடும் சத்தம். இரும்பு எதிலோ உராயும் நீளமான சத்தம். அவள் அழுகை, அவன் கத்தல், இப்போது அவன் கத்தினான், அடிவயிற்றிலிருந்து. பிறகு போன் எங்கேயோ விழுந்து உருண்டது. அக்கா அவளைக் கூப்பிட்டாள், கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெறும் இன்ஜின் இரைச்சல்தான் வந்தது. இன்ஜின் ஒரே கியரில் கதறிக்கொண்டு ஓடியது, அப்புறம் ஒரு நொடி தணிந்து, மாறி, மறுபடி ஓடியது. ரெண்டாவது. அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

ரொம்ப நேரம் கழித்து வண்டி எங்கோ ஓரம் கட்டி நின்றது. லாரிகள் விர் விர்ரென்று கடந்து போயின. போனைத் தேடி எடுக்கும் சத்தம் வந்தது. தப்பிவிட்டாயா, அடி ஏதும் பட்டதா என்று அக்கா கேட்டாள். இல்லை, பக்கக் கண்ணாடிதான் போச்சு என்று பதில் வந்தது. முதலில் போலீஸுக்குப் போய் எழுதிக்கொடு, இந்தப் பக்கம் நானும் கொடுக்கிறேன், என்னிடம் ஒருத்தன் போனே சாட்சியாக இருக்கிறது என்றாள் அக்கா. அவள் ம் கொட்டினாள். 

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க. இந்த நம்பரையும் தூக்கிப் போட்டுடுறேன்," என்றாள் ஃபர்ஸ்ட் கியர். "உங்க குரல் கேட்டா நான் எல்லாத்தையும் சொல்லிடுவேன்."

அக்கா சரி என்றாள். நீ சொல்வதுதான் சரி என்று இன்னொரு தடவையும் சொன்னாள். பொல்லாத வாய், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அதற்குச் சொல்ல வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைத்தது ஒன்றே ஒன்றுதான்: ராத்திரிக்கு எங்கே தங்குவே? பெற்றவள் கேட்பாள், கூடப்பிறந்தவள் கேட்பாள், மனுஷி என்று இருந்தால் யாரும் கேட்பாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். நேற்று அந்த இன்னொருத்தி கேட்டதும் அதுதான்.